படைத்துறை அதிரடிக் கதைகள்: மிகையும் விடுபடலும்

வகையும் வரையறையும்

ஒற்றை வீரனோ சிறு குழுவோ தன்னைவிடப் பன்மடங்கு பெரிய எதிரிப்படையைக் குறித்த கெடுவுக்குள் முறியடித்து, பணயக்கைதிகளையோ நகரையோ நாட்டையோ மீட்பதைக் கருவாகக் கொண்ட நாவல்களும் திரைப்படங்களும் இக்கட்டுரையில் படைத்துறை அதிரடிக் கதைகள் எனச் சுட்டப்படுகின்றன. போரைப் பேசும் கதைகள் யாவும் இவ்வகையில் அடங்கா. போர் மனிதனை என்ன செய்கிறது என்பதைப் போர் இலக்கியம் ஆராய, போரில் மனிதன் என்னவெல்லாம் செய்துகாட்டலாம் என்பதிலேயே அதிரடிக் கதை நாட்டம் கொள்கிறது. நம்பத்தகாத அளவுக்கு நிகழ்ச்சிகளைப் பெருக்கிக் காட்டுவது இதன் தவறுதலான விளைவன்று. வாசகரும் பார்வையாளரும் அறிந்தே ஏற்றுக்கொள்ளும் இலக்கணம் அது.

ஆங்கிலத்தில் இவ்வகை படிப்படியாக உருப்பெற்றது. 1957இல் வெளிவந்த அலிஸ்டர் மக்லீனின் ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’, 1969இல் டொன் பென்டில்டன் தொடங்கிய ‘தி எக்ஸிகியூஷனர்’ வரிசை, 1972இல் டேவிட் மொரெல் எழுதிய ‘ஃபர்ஸ்ட் பிளட்’, 1984இல் டொம் கிளான்சியின் ‘தி ஹன்ட் ஃபோர் ரெட் ஒக்டோபர்’, 1998இல் மத்தியூ ரைலியின் ‘ஐஸ் ஸ்டேஷன்’ ஆகியவை இவ்வளர்ச்சியின் மைல்கற்கள். இவற்றுள் கிளான்சியின் வழி, நீர்மூழ்கியும் ஏவுகணையும் இயங்கும் முறையை நுணுக்கமாக விவரித்து நம்பிக்கையை ஊட்டுவது. ரைலியின் வழி, ஐயுறுவதற்கு அவகாசமே தராத வேகத்தால் ஐயத்தைக் கடந்துசெல்வது. தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் வழியே வந்த இரும்புக்கை மாயாவி ஒரு தலைமுறையின் சாகச விருப்பைத் தூண்டினான். பின்னர் ‘கேப்டன் பிரபாகரன்’ (1991), ‘துப்பாக்கி’ (2012), ‘விஸ்வரூபம்’ (2013), ‘பீஸ்ட்’ (2022) முதலிய படங்கள் சீருடை அணிந்த, அல்லது சீருடையை மறைத்துவைத்த, நாயகனைத் திரையில் நிலைநிறுத்தின.

இவ்வகையை மதிப்பிடுவதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு தனித்த தகுதியுடைய ஓர் இடம். முப்பதாண்டுக் காலம் போரைத் தன் ஒழுங்கைகளிலும் வளவுகளிலும் கண்ட மக்கள், அதே காலத்தில் மினி சினிமாக்களிலும், மின்சாரம் அறுந்த 1990களில் மண்ணெண்ணெயில் இயங்கிய ஜெனரேட்டரின் துணையுடன் வாடகைத் தொலைக்காட்சிப் பெட்டியிலும், இன்று நகரின் குளிரூட்டிய அரங்குகளிலும் திரைப் போரை விரும்பிப் பார்த்து வந்துள்ளனர். உண்மைப் போரையும் ஒப்பனைப் போரையும் அருகருகே அறிந்த இம்மக்களின் அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டால், அதிரடிக் கதைகளின் மெய்யான குறை மிகையில் இல்லை, விடுபடலில் இருக்கிறது என்பது புலப்படும். இக்கட்டுரை நிறுவ முயல்வது அதுவே.

கவர்ச்சியின் காரணங்கள்

இக்கதைகளின் ஈர்ப்பை வெறும் வன்முறை விருப்பமாகச் சுருக்கிவிடுவது பொருந்தாது. முதற்காரணம் திறமையைக் காண்பதில் விளையும் இன்பம். திட்டம் தீட்டுதல், கருவிகளைத் தேர்தல், திட்டம் குலைந்தவிடத்துக் கையில் அகப்பட்டதைக் கொண்டு சமாளித்தல் என்னும் வரிசை, கைதேர்ந்த தச்சனின் வேலையைப் பார்த்து நிற்பவன் பெறும் நிறைவை ஒத்தது. ‘துப்பாக்கி’ படத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, நகரின் வெவ்வேறு திக்குகளில் பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில் சுட்டு வீழ்த்தும் காட்சி நினைவில் நிற்பதற்கு அதில் சிந்தும் குருதி காரணமன்று. அதன் கணக்குத் தவறாத ஒருங்கிணைப்பே காரணம்.

இரண்டாவது காரணம் வலுவற்றோர் அடையும் ஈடுசெய் நிறைவு. ‘சுற்றிவளைப்பு’ என்ற சொல் குடாநாட்டில் இராணுவத் தேடுதல் வேட்டையைக் குறிக்கும். விடியுமுன் ஊர் சூழப்பட்டு, ஆண்கள் அடையாள அட்டையுடன் மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ அழைக்கப்பட்டு, முகமூடியிட்ட ‘தலையாட்டி’ ஒருவனின் முன்னால் ஒவ்வொருவராக நடத்தப்படுவர். அவன் தலையசைத்தால் அகப்பட்டவர் வாகனத்தில் ஏற்றப்படுவார். முகம் தெரியாத ஒருவனின் தலையசைவுக்குத் தன் உயிரை ஒப்புக்கொடுத்து வரிசையில் நின்றவனுக்கு, வரிசையில் நிற்க மறுத்து வாகனத்தையே கவிழ்க்கும் நாயகன் என்னவாகத் தோன்றுவான் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2008இல் வெளிவந்த ‘ராம்போ’ படம் பர்மியப் படையினருக்கு எதிராகக் கரென் மக்களின் பக்கம் நிற்கும் கதை என்பதால் அந்நாட்டு ஆட்சியாளர் அதைத் தடைசெய்ததும், தடையை மீறிய பிரதிகள் அங்கு கைமாறியதும் இவ்வீர்ப்பு ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகின்றன.

மூன்றாவது காரணம் முடிவு. உண்மைப் போர்கள் தேய்ந்து, நின்று, மீண்டும் மூண்டு, முடிந்த பின்னும் முடியாதவையாக நீள்வன. அதிரடிக் கதையோ இரண்டரை மணி நேரத்தில் எதிரி இன்னார், வெற்றி இத்தகையது என்று கோடு கிழித்து முடித்துவைக்கிறது. காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர் பதில் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒரு நிலத்தில், எல்லாக் கணக்கும் தீர்க்கப்படும் கதைக்குத் தனி மதிப்பு உண்டு. 1987இல் இந்தியப் படையினரை எதிர்த்தரப்பாகக் கண்ட ஊரில் இந்தியப் படைவீரனாகத் தோன்றும் நாயகனுக்கு விசில் எழும் முரணும் இதனால் ஓரளவு விளங்கும். பார்வையாளர் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு, நட்சத்திரத்தையும் கணக்குத் தீர்ப்பையும் மட்டுமே ஏற்றுக்கொள்கின்றனர்.

தமிழ் மரபில் போர்மிகை

மிகையையே குறையெனக் கொள்ளும் திறனாய்வு, தமிழ் இலக்கிய மரபை எதிர்கொள்ள நேரும். தண்டியலங்காரம் அதிசய அணி என்றும் பிற்கால வழக்கு உயர்வு நவிற்சி அணி என்றும் பெயரிட்டது, பொருளின் இயல்பைக் கடந்து உயர்த்திக் கூறுதலையே. பரணி என்னும் சிற்றிலக்கிய வகை, போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவதற்கென இலக்கணம் வகுக்கப்பட்டது. ஆகவே எண்ணிக்கையில் நம்ப முடியாத மிகை அதற்குப் பிறப்பிலேயே உரியது. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேற் சென்றதைப் பாடும் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, எந்தத் திரைப்பட இயக்குநரையும் நாணவைக்கும் அளவுக்குப் போர்க்களத்தைப் பெருக்கிக் காட்டுகிறது.

ஆனால் அதே பரணி, வெற்றி முழங்கியதும் களத்தைவிட்டு அகன்றுவிடவில்லை. பேய்கள் பிணங்களினூடே திரிந்து, குருதியும் நிணமும் கொண்டு கூழ் அடுவதாக வரும் பகுதி, போர் எதை மிச்சம் வைக்கிறது என்பதை அருவருப்பும் நகையும் கலந்து பார்வைக்கு வைக்கிறது. அரசனைப் போற்றும் நூலே தன் போற்றலின் விலையை மறைக்காமல் எண்ணிக் காட்டுகிறது. புறப்பொருள் மரபும் இத்தன்மையதே: பொருதலைக் கூறும் தும்பைத் திணைக்கும் வெற்றியைக் கூறும் வாகைத் திணைக்கும் அருகே நிலையாமையைக் கூறும் காஞ்சித் திணையும், இறந்தோரை நினைந்து செயலற்று இரங்கும் கையறுநிலைத் துறையும் வைக்கப்பட்டுள்ளன. இன்றைய அதிரடிக் கதை இம்மரபிலிருந்து தும்பையையும் வாகையையும் எடுத்துக்கொண்டு, காஞ்சியையும் கையறுநிலையையும் கைவிட்டது எனலாம்.

ஆங்கிலத்திலும் இக்கைவிடலின் தடத்தைக் காணலாம். 1982இல் திரைப்படமான ‘ஃபர்ஸ்ட் பிளட்’, வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவன் சொந்த நாட்டில் இடமின்றித் தவிப்பதைப் பற்றியது. அப்படத்தில் இறப்பவர் ஒருவரே. நாயகன் ராம்போ இறுதியில் குலுங்கி அழுகிறான். அதன் தொடர்ச்சிகளான 1985, 1988ஆம் ஆண்டுப் படங்களில் அழுகை மறைந்து, மூன்றாம் படத்தில் இறப்புகளின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டுகிறது. போரின் மிச்சத்தைப் பேசப் பிறந்த பாத்திரம், மிச்சமே இல்லாத போரின் சின்னமாக மாறிய கதை இது.

குடாநாட்டில் நிகழ்ந்தவை

அதிரடிக் கதையைப் போலவே தொடங்கிய நிகழ்ச்சிகள் குடாநாட்டிலும் உண்டு. 1987 ஜூலை 5ஆம் நாள் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் விடுதலைப் புலிகளின் மில்லர் வெடிமருந்து நிரப்பிய வாகனத்தைச் செலுத்திச் சென்றார். 1991இல் ஆனையிறவு முகாமை நோக்கி இரும்புத் தகடு போர்த்திய புலிகளின் புல்டோசர் நகர்ந்தபோது, காமினி குலரத்ன என்ற இராணுவச் சிப்பாய் கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி அதனை நிறுத்தித் தானும் இறந்தார். எதிரெதிர்த் தரப்பினரின் இவ்விரு செயல்களும் திரைக்கதையில் எழுதப்பட்டிருந்தால் மிகையென ஒதுக்கப்பட்டிருக்கக்கூடியவை, இரண்டும் நடந்தவை. ஆகவே நடக்கக்கூடியதா என்ற கேள்வி இவ்வகைக்குப் போதுமான அளவுகோல் அன்று. நெல்லியடியில் நொறுங்கியது ஒரு பள்ளிக்கூடம் என்பதே திரைக்கதை மறந்துவிடக்கூடிய விவரம்.

1987 ஒக்டோபர் 11ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியப் படையினர் நடத்திய ஹெலித் தரையிறக்கம் இதனினும் விரிவாக நோக்கத்தக்கது. இருளில் ஹெலிகொப்டரில் வந்திறங்கி, புலிகளின் தலைமையைத் திடீர்த் தாக்குதலில் பிடிப்பது என்ற அத்திட்டம் அதிரடிக் கதையின் அச்சில் வார்த்தெடுத்தது போன்றது. எதிர்த்தரப்பு முன்கூட்டியே அறிந்து காத்திருந்தது. முதல் இறக்கங்களுக்குப் பின் வந்த ஹெலிகள் சூட்டுக்கு இலக்காக, மேலும் ஆட்களை இறக்க இயலாமற்போனது. பதின்மூன்றாவது சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்து இறங்கிய முப்பதுபேரில் இருபத்தொன்பதுபேர் இறந்தனர், ஒருவர் சிறைப்பட்டார். தரையிறங்கியவர்களைச் சேர முயன்ற படைகள் நகர்ந்த வழியில், கொக்குவில் பிரம்படிப் பகுதியில் வீடுகளில் இருந்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்நாட்களை யாழ். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜனி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோர் இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ பதிவுசெய்தது. ராஜனி 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதிரடிக் கதையின் ஒளிப்படக் கருவி ஹெலியுடன் இறங்கி ஹெலியுடன் ஏறுவது. பிரம்படி அதன் சட்டகத்துக்கு வெளியே கிடந்த நிலம்.

குறைகளின் பகுப்பு

விடுபடல்களை ஐந்தாகப் பகுக்கலாம். முதலாவது உடல். தோளில் பாய்ந்த ரவையைத் துணியால் கட்டிக்கொண்டு நாயகன் அடுத்த காட்சியில் மதிலேறுகிறான். ஆயின் தோளினூடே கைக்குச் செல்லும் பெரிய நாடியும் கையை இயக்கும் நரம்புப் பின்னலும் ஓடுவதால், அக்காயம் நிமிடங்களில் உயிரையோ நிரந்தரமாகக் கையையோ பறிக்க வல்லது. ஏகே துப்பாக்கியின் வழமையான கூடு முப்பது ரவைகளே கொள்ளும். நிமிடத்துக்கு ஏறத்தாழ அறுநூறு என்ற அதன் வேகத்தில் தொடர்ந்து சுட்டால் மூன்று விநாடியில் கூடு வெறுமையாகும். திரையில் அது ஒரு பாடலின் நீளத்துக்குச் சுடுகிறது.

இரண்டாவது ஓசையும் காத்திருப்பும். திரைக் குண்டுவெடிப்பின் செம்மஞ்சள் தீப்பிழம்பு, காட்சிக்காகப் பெற்றோல் எரிப்பதால் வருவது. உண்மையான ஷெல் கண்ணிமைக்கும் மின்னலையும் புழுதியையும், கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் இரும்புச் சிதறல்களையுமே தருவது. குடாநாட்டின் சிறுவர்கள் ஹெலி, பொம்மர், சியாமாச்செட்டி, புக்காரா, பின்னர் கிபிர் என இரைச்சலைக் கொண்டே வானூர்திகளைப் பெயர் சொல்லக் கற்றிருந்தனர். ஷெல் ஏவப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடைப்பட்ட விநாடிகளில், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கருக்குள் இறங்கத் தெரிந்திருந்தனர். போரின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பே. அதிரடிக் கதை வெட்டி எறியும் முதற் பகுதியும் அதுவே.

மூன்றாவது மக்கள் திரள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, இராணுவம் முன்னேறிக்கொண்டிருக்க, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தின் ஒடுங்கிய வழியாகத் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். அன்றைய இரவின் முதன்மை நிகழ்ச்சி எந்தச் சண்டையும் அன்று. சைக்கிளில் பாயும் பானையும் கட்டி, முதியவரைத் தாங்கிக்கொண்டு, அடிமேலடி வைத்து நகர்ந்த அந்த நெரிசலே. நாயகனுக்கு ஓட இடம் தேவைப்படுவதால், அதிரடிக் கதையின் தெருக்கள் எப்போதும் முன்னமே காலி செய்யப்பட்டிருக்கின்றன.

நான்காவது எதிரியின் உருவம். ஒரு சமயத்தினரையோ இனத்தினரையோ ஒட்டுமொத்தமாக ஐயத்துக்குரியவராக்கும் போக்கினால் ‘துப்பாக்கி’யும் ‘விஸ்வரூபமும்’ முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைச் சந்தித்தன. ஒரு சமூகம் முழுவதையும் எதிரியாகக் கருதுதல் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டது குடாநாட்டின் சொந்தச் சான்று. அதே தர்க்கத்தின் மறுபுறத்தில் தமிழர் என்பதனாலேயே தடுத்துவைக்கப்பட்டவர்களின் நீண்ட வரிசை இருக்கிறது. இதனோடு இணைந்தது சித்திரவதைக் காட்சி: வதைத்தால் உண்மை வரும், அதுவும் நேரத்துக்கு வரும் என்பது இவ்வகையில் ஏறத்தாழ விதியாகிவிட்டது. உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த மக்கள், வதையில் வெளிவருவது வதைப்பவர் கேட்க விரும்பியதே என்பதை அறிவர்.

ஐந்தாவது பின்விளைவு. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2002இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் சிறார் போராளிகளைப் பற்றி எழுதியபோது, சிறுவரைப் போருக்குத் தள்ளும் காரணிகளாக இழப்பையும் வறுமையையும் ஒடுக்குமுறையையும், இழுக்கும் காரணிகளாகச் சாகச விருப்பையும், போர்க்கருவிகளின் காட்சிப்படுத்தலையும், உரைகளையும், ஒளிநாடாக்களையும் சுட்டினார். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு ‘ஒளிவீச்சு’ என்ற ஒளிநாடா இதழை வெளியிட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. திரைப்படம் மட்டும் எவரையும் ஆயுதமேந்தச் செய்வதில்லை. ஆனால் தள்ளும் காரணிகள் நிறைந்த மண்ணில் இழுக்கும் படிமம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதும் இல்லை.

விடுபட்டதை எழுதியோர்

இவ்விடுபடல்களை நிரப்பிய படைப்புகள் ஈழத்துச் சூழலிலேயே உள்ளன. விறுவிறுப்பைத் துறந்துதான் உண்மையை எழுத வேண்டும் என்ற வாதத்தை அவை பொய்ப்பிக்கின்றன. 1992இல் களத்தில் இறந்த போராளி மலரவனின் ‘போர் உலா’, மாங்குளம் முகாம்மீதான தாக்குதலுக்குச் சென்ற பயணத்தைப் பற்றியது. தாக்குதலைவிடப் போகும் வழியும், சுமையும், பசியும், வழியிற் கண்ட எளிய மக்களின் வாழ்வுமே அதில் இடம் பெறுகின்றன. நிஹால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதி 2003இல் கிராசியன் விருது பெற்ற ‘தி ரோட் ஃப்ரம் எலிபன்ட் பாஸ்’ நாவல், இராணுவ அதிகாரி ஒருவனையும் புலிகளின் பெண் ஒருத்தியையும் ஆனையிறவிலிருந்து காட்டுவழியே நடக்கவைக்கிறது. துரத்தலும் ஒளிதலும் நிறைந்த அதிரடிக் கதையாகவே அது தொடங்கினாலும், கால்நடையின் மெதுவும் உணவுத் தேடலும் இருவரையும் ஒருவரை ஒருவர் கேட்கவைக்கின்றன. அதன் ஆசிரியர் 2006இல் வில்பத்துவில் கண்ணிவெடியில் சிக்கி இறந்தார்.

கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) இயக்கத்தின் உள்ளே நிகழ்ந்த வன்முறையையும், ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ போராளிச் சிறுவனின் அகதி வாழ்வையும், அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு தமிழில் எடுத்த ‘இனி அவன்’ (2012) முன்னாள் போராளி ஊர் திரும்பிய பின் எதிர்கொள்ளும் விலக்கலையும் பேசின. அமெரிக்கத் திரையில் முதல் ராம்போவுக்குக் கிடைத்துப் பின்னர் பறிபோன அழுகை, ‘இனி அவன்’ படத்தில் மௌனமாகத் திரும்பி வருகிறது. தமிழ்நாட்டின் ‘அமரன்’ (2024), படையதிகாரியின் கதையை அவர் மனைவியின் நினைவோட்டத்தினூடே சொல்லி, வணிகச் சட்டகத்துக்குள்ளேயும் கையறுநிலைக்கு இடம் தரலாம் எனக் காட்டியது; ஆயினும் துப்பாக்கி முனையின் மறுபுறத்தில் வாழ்வோர் அங்கும் பெரும்பாலும் நிழலுருக்களாகவே நின்றனர்.

மதிப்பீடு

இக்கதைகளைக் காப்போர் கூறும் வாதம் எளியது: எல்லாம் விளையாட்டு என்பது பார்ப்பவர் எவருக்கும் தெரியும். மிகையைப் பொறுத்தவரை இது சரியே. நாயகன் போர்விமானத்திலிருந்து கையசைத்தால் அரங்கு சிரிக்கிறது. மிகை தன்னைத்தானே அறிவித்துக்கொள்வதால் எவரையும் ஏமாற்றுவதில்லை. விடுபடலுக்கு அவ்வாறு தன்னை அறிவிக்கும் குரல் இல்லை. காட்டப்படாத ஒன்றைப் பார்வையாளர் தம் அறிவிலிருந்துதான் நிரப்ப வேண்டும். தலையாட்டியின் முன் நின்றவரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவரும் அதைத் தாமாகவே நிரப்பிக்கொண்டு, திரையில் வருவதைச் சிரித்து அனுபவித்தனர். போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்து இன்று உயர்தர வகுப்பை நெருங்கும் தலைமுறைக்கு அந்த இருப்பு இல்லை. வீட்டில் பெரியோர் பேசாது விட்ட இடத்தை அவர்களுக்குக் கைப்பேசித் திரையே நிரப்புகிறது.

ஆதலால் தடைசெய்தலோ இழித்துரைத்தலோ தீர்வாகா. தடை இத்தகைய படங்களை மேலும் இனிப்பாக்கியதே வரலாறு. பாடசாலையிலும் வாசிகசாலையிலும் இவை வெளிப்படையாகப் பேசப்படுவதும், ‘போர் உலா’வையும் ‘முறிந்த பனை’யையும் போன்ற நூல்கள் இவற்றின் அருகே வைத்து வாசிக்கப்படுவதுமே பயன் தரும். திறனாய்வாளரும், இது நடக்குமா என்று கேட்பதை விடுத்து, இந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தொடங்க வேண்டும். குடாநாட்டின் கழுத்தாகிய முகமாலையில், போர் ஓய்ந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், பெண்கள் பலர் உள்ளிட்ட பணியாளர்கள் முகக்கவசம் அணிந்து முழந்தாளிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகக் கிளறி மிதிவெடிகளை எடுத்துக்கொண்டிருந்தனர். அந்த வேலையைக் காட்டும் அதிரடிப் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.